பொன்னாடைக்கு முன் ஓட்டோ

(கிளிநொச்சியில் விசேட கல்வி அலகொன்றில் கற்பித்து ஓய்வு பெற்ற ரீச்சர் பதில் தருகிறார்.)

கேள்வி: ரீச்சர், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று, விசேட தேவையுடைய பிள்ளைகளைப் பராமரிக்கும் தாய்மாரையும், பாடசாலை அலகில் உதவிக்கு நிற்கும் பெண்களையும் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்க எங்கள் சனசமூக நிலையம் முடிவெடுத்திருக்கிறது. வேறென்ன செய்யலாம்?
– செயலாளர், வட்டக்கச்சி

பதில்: நல்ல முடிவு, கட்டாயம் செய்யுங்கள். 1992 இல் ஐ.நா. அறிவித்த நாள் அது. நம் ஊர்களில் அன்று பிள்ளைகள் ஆடுவார்கள், அதிதிகள் பேசுவார்கள். பிள்ளைக்கு உடுப்பு மாற்றி, வாய் துடைத்து, திரைக்குப் பின்னால் நிற்பவளை யாரும் கூப்பிடுவதில்லை. நீங்கள் கூப்பிட நினைத்ததே எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனால் அந்தத் தாய் மேடையேறும் நேரம் பிள்ளையை யார் வைத்திருப்பது? டிசம்பர் என்றால் நமக்கு மாரி, ஒழுங்கையெல்லாம் சேறு. வளர்ந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்சுக்கு நடக்கவேண்டுமென்றால், பொன்னாடையே வேண்டாம் என்றுதான் சொல்வாள். முதலில் ஓட்டோவுக்குக் காசு ஒதுக்குங்கள். மண்டபத்தில் பாய் விரித்து, பிள்ளைகளோடு பழகிய இரண்டு பேரை இருத்துங்கள். சக்கர நாற்காலி ஏற வழியில்லாவிட்டால் மேடையை விடுங்கள். அதிதிகள் கீழே வந்து நிற்கட்டும்.

அலகில் நிற்கும் பெண்களைக் கூப்பிடும்போது அவர்கள் செய்த வேலையையும் சொல்லுங்கள். ‘சேவையாற்றியவர்’ என்றால் போதாது. வலிப்பு வந்த பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், மணிக்கூட்டைப் பார்த்து, ஐந்து நிமிடம் தாண்டியதும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சைக் கூப்பிட்டவர் என்று சொல்லுங்கள். கையில் இரும்பைத் திணிக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் கேட்கட்டும்.

கேள்வி: என் தங்கையின் மகனுக்குப் பெருமூளை வாதம். அவள் கலியாணவீடு, கோயில் ஒன்றுக்கும் வருவதில்லை. உதவட்டுமா என்று கேட்டால் ‘வேண்டாமக்கா’ என்கிறாள்.
– ஒரு அக்கா, விசுவமடு

பதில்: தங்கை உங்களை வேண்டாமென்று சொல்லவில்லை அம்மா. அவனுக்குச் சாப்பாடு தீத்த உங்களுக்குத் தெரியாது, புரைக்கேறிவிடும் என்று பயப்படுகிறாள். அந்தப் பயம் நியாயமானது. அதனால் கேட்பதை விட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரம் போய்ப் பக்கத்தில் இருங்கள். அவள் எப்படி இருத்துகிறாள் என்று பாருங்கள்: முதுகு நிமிர்ந்து, தலை நடுவில், நாடி கொஞ்சம் உள்ளுக்கு. தலை பின்னால் சரிந்தால் சோறு மூச்சுக்குழாய்க்குள் போகும். பருப்போடு சோற்றைக் குழையப் பிசைந்து, அரைக்கரண்டி. விழுங்கின பிறகுதான் அடுத்தது. அவசரப்படக்கூடாது. சாப்பிட்டு முடிந்ததும் படுக்கவைக்காமல் அரைமணித்தியாலம் நிமிர்ந்தே இருத்தவேண்டும்.

சில நாள் அவள் பார்த்திருக்க நீங்கள் தீத்துங்கள். அவன் உங்கள் கைக்கும் வாய் திறக்கத் தொடங்கிய பிறகு, ‘நீ வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் பார்த்துவிட்டு வா’ என்று சொல்லிப் பாருங்கள். கலியாணச் சேலையைவிட அவளுக்கு அதுதான் பெரிய உதவி. உங்கள் வீட்டுக்காரரும் பழகட்டும். பிள்ளையைத் தூக்கிக் குளிக்கவார்க்க இன்னுமொரு ஆள் வேண்டும்.

கேள்வி: ரீச்சர், என் தம்பிக்கு ஓட்டிசம். பின்னேரம் வலைப்பந்துப் பயிற்சி முடிந்து வந்து நான்தான் அவனைப் பார்ப்பேன். வீட்டுக்கு வருகிற எல்லாரும் ‘தம்பி எப்படி’ என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு அழுகை வருகிறது. இது பிழையா?
– 9 ஆம் தர மாணவி, மாங்குளம்

பதில்: பிழையே இல்லை மகள். தம்பியில் உனக்குப் பாசம் இருக்கிறது, களைப்பும் இருக்கிறது. இரண்டையும் அம்மாவிடம் சொல். படிக்க, விளையாட உனக்கென்று நேரம் ஒதுக்கித் தரச்சொல்லிக் கேள். இந்தப் பக்கத்தை அம்மாவுக்குக் காட்டு, ரீச்சர் சொன்னா என்று சொல்.

சரி, வலைப்பந்தில் நீ எந்த இடத்தில் விளையாடுகிறாய்? கோல் போடுகிறவளா, தடுக்கிறவளா? அடுத்த கடிதத்தில் எழுது.