40,000 புள்ளிகள், 80 கோடி தூரங்கள்

கேள்வி: என்னிடம் 40,000 இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை உள்ளன. 500 மீட்டருக்குள் இருக்கும் ஜோடிகள் வேண்டும். பைத்தானில் எல்லாத் தூரங்களையும் கணக்கிட்டால் லேப்டாப் அப்படியே நின்றுவிடுகிறது. கொஞ்சம் புள்ளிகளை மட்டும் ஓட்டினால் 0.003, 0.012 என்று விடை வருகிறது. இதை 111 கிலோமீட்டரால் பெருக்கிக்கொள்ளலாமா?

பதில்: பெருக்காதீர்கள். வந்திருப்பது டிகிரி, தூரமே இல்லை. 60 டிகிரி அட்சரேகையில் ஒரு புள்ளியை வைத்துப் பாருங்கள். அங்கிருந்து வடக்கே 0.005 டிகிரி போனால் சுமார் 557 மீட்டர். கிழக்கே அதே 0.005 போனால் 279 மீட்டர்தான். உங்கள் கணக்குக்கு இரண்டும் ஒன்று; நிஜத்தில் ஒன்று 500-க்கு உள்ளே, மற்றது வெளியே.

லேப்டாப் மேல் குற்றமில்லை. 40,000-க்கு 40,000 மேட்ரிக்ஸ் என்றால் 160 கோடி எண்கள்; எண்ணுக்கு 8 பைட் வீதம் 12.8 ஜிபி. போக வர ஒரே தூரம்தானே என்று பாதியை விட்டாலும் 79,99,80,000 ஜோடிகள் மிஞ்சும். அதில் பெரும்பாலானவை உங்களுக்கு வேண்டாதவை. வேண்டாததைக் கணக்கிட்டுவிட்டு அப்புறம் வடிகட்டுவானேன்?

யுடிஎம் என்பது பூமியை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து, இடங்களை மீட்டரில் குறிக்கும் முறை. தரவு முழுக்க ஒரே மண்டலத்துக்குள் அடங்கினால், முதலில் அந்த மீட்டர் ஆயத்தொலைவுக்கு மாற்றுங்கள். பிறகு சைபை என்ற பைத்தான் நூலகத்தின் கே-டி ட்ரீயில் (அருகருகே உள்ள புள்ளிகளைத் தொகுத்து வைக்கும் அமைப்பு) ஏற்றி, 'கொயரி பேர்ஸ்' வசதிக்கு 500 என்று கொடுங்கள். பக்கத்துப் புள்ளிகளை மட்டும் தேடி, ஒவ்வொரு ஜோடியையும் ஒரே முறை தரும். யுடிஎம்மில் மண்டலத்தின் நடுக்கோட்டில் 500 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் குறையும், அதை மறந்துவிடலாம். இணைய வரைபடங்களின் வெப் மெர்கேட்டர் மட்டும் வேண்டாம்: 60 டிகிரியில் 500 மீட்டர் அதில் ஏறக்குறைய 1,000 ஆகிவிடும்.

பல மண்டலங்களில் சிதறியிருந்தால் சைகிட்-லேர்ன் என்ற பைத்தான் நூலகத்தின் பால் ட்ரீ (இதுவும் அதே மாதிரி தேடும் அமைப்புதான்), ஹேவர்சைன் அளவையோடு (உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைத் தரும் சூத்திரம்). இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள், நானும் ஒரு நாளை இதில் தொலைத்திருக்கிறேன். அட்சரேகை முதலில் வர வேண்டும். கோணம் ரேடியனில் இருக்க வேண்டும். 500 என்பதையும் பூமியின் ஆரமான 63,71,000 மீட்டரால் வகுத்து 0.0000785 என்றே கொடுக்க வேண்டும். மூன்றில் எது தவறினாலும் பிழைச்செய்தி வராது, தப்பான விடைதான் வரும்.

ஹேவர்சைன் பூமியை உருண்டையாகவே எடுத்துக்கொள்வதால் அரை சதவீதத்துக்குச் சற்று மேல்வரை பிசகும். 500 மீட்டருக்கு ஏறக்குறைய 2.8 மீட்டர். ஆகவே தேடும் வரம்பை 503 மீட்டராக வைத்து, 497-க்கு மேல் விழும் ஜோடிகளை மட்டும் டபிள்யூஜிஎஸ் 84 நீள்கோளத்தில் (துருவங்களில் சற்றே தட்டையான பூமி வடிவம், ஜிபிஎஸ் பயன்படுத்துவது) மறுபடி அளந்துகொள்ளுங்கள்.