மகரந்தம் தின்றால் தொண்டை அரிக்கிறதே?

வாசகர் கேள்விகளுக்குத் தேனீ வளர்ப்பும் உணவியலும் அறிந்தவர்களின் பதில்கள்

தேனீ மகரந்தம் வாங்கி, காலையில் ஒரு தேக்கரண்டி வாயில் போட்டேன். கால் மணி நேரத்தில் தொண்டை அரித்தது, உதடு தடித்தது. அளவைக் குறைத்துத் தொடரலாமா? – வாசகி, ஈரோடு

கூடாது. அது ஒவ்வாமை. அடுத்த முறை மூச்சுக்குழல் அடைக்கும் அளவுக்குப் போகலாம், அளவைக் குறைத்தாலும் அந்த ஆபத்து நீங்காது. பாட்டிலை மூடி வைத்துவிட்டு ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள். மூச்சு இரைத்தாலோ தலை சுற்றினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பூத்தூள் பட்டாலே தும்முகிறவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், தேனீ கொட்டி உடம்பு தடித்தவர்கள் மகரந்தத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது. மற்றவர்கள் முதல் நாள் இரண்டு மூன்று மணிகளை நாக்கில் வைத்து, அன்று முழுவதும் கவனிக்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் ஒரு வாரத்தில் மெல்லக் கால் தேக்கரண்டிக்கு வரலாம். பெரியவர்களுக்கு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் தேவையில்லை. மகரந்தத்தூளின் மேலோடு கெட்டியானது. அப்படியே விழுங்கினால் ஒரு பகுதி செரிக்காமல் போய்விடும் என்பதால், இரவே தண்ணீரிலோ தயிரிலோ ஊற வையுங்கள்.

சத்துக் கணக்கையும் பார்ப்போம். மகரந்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு புரதம். 5 கிராம் தின்றால் 1 கிராம் கிடைக்கும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. விலையை நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி வாசலில் வலை கட்டி, தேனீயின் காலிலிருந்து உதிரச் செய்து சேர்ப்பதுதான் இந்த மகரந்தம். சேர்க்கும்போது ஈரமாக இருக்கும். சரியாக உலர்த்தாவிட்டால் நம் ஊர் வெப்பத்தில் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். மணிகள் ஒட்டிக் கட்டியாகி, புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். திறந்த பாட்டில் குளிர்பெட்டியில் இருக்கட்டும்.

ராணித் தேனீ பல ஆண்டு வாழ்வதற்கு, வேலைக்காரத் தேனீ சுரக்கும் ராயல் ஜெல்லி என்ற உணவுதான் காரணமாமே? நாமும் மாத்திரையாகச் சாப்பிட்டால்? – வாசகர், தஞ்சாவூர்

வேலைக்காரத் தேனீயும் ராணியும் ஒரே மாதிரி முட்டையில் பிறப்பவை. புழுப் பருவம் முழுவதும் ராயல் ஜெல்லியே ஊட்டப்படுவதால் ஒன்று ராணியாகிறது. அது புழுவின் வளர்ச்சியில் நடக்கும் மாற்றம். மனிதன் விழுங்கும்போது ஜெல்லியின் புரதம் வயிற்றில் சாதாரணமாகச் செரித்துவிடும். ஆயுள் நீளும் என்பதற்கு மனிதரில் ஆதாரம் இல்லை.

வாங்கியே தீருவேன் என்றால் '10-எச்.டி.ஏ.' (ராயல் ஜெல்லிக்கே உரிய கொழுப்பு அமிலம்) அளவு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தூய ஜெல்லியில் 1.4 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேசத் தரம். ஆஸ்துமா உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டு உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போனதுண்டு. ஆஸ்திரேலியாவில் அதனால்தான் டப்பாவில் எச்சரிக்கை அச்சிட வேண்டும். வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

எங்கள் பகுதியில் ஒருவர் 'அடுக்குத் தேனீப் பெட்டியில் எடுத்த புரோபோலிஸ் சாறு' விற்கிறார். வாங்கலாமா? – வாசகர், மார்த்தாண்டம்

அவரிடம் இன்னும் கொஞ்சம் கேள்வி கேளுங்கள். புரோபோலிஸ் என்பது தேனீ சேர்த்துப் பெட்டியில் பூசும் மரப்பிசின். அடுக்குத் தேனீ எனப்படும் நம் இந்தியத் தேனீ அதைச் சேர்ப்பதே இல்லை என்று சொல்லலாம். அதிகம் சேர்ப்பவை இத்தாலியத் தேனீயும் கொசுத்தேனீயும். அடுக்குத் தேனீப் பெட்டியைத் திறந்தால் விரலில் பிசின் ஒட்டாது என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரியும். நல்ல சாறாகவே இருந்தாலும், பெரும்பாலும் சாராயத்தில் ஊறவைத்ததாக இருக்கும். குழந்தைகளுக்கும் ஈரல் நோயாளிகளுக்கும் வேண்டாம். வாய்ப்புண்ணில் தடவுவதற்கு முன் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். தோல் சிவந்தால் அது உங்களுக்கு ஆகாது.

பேரனுக்குச் சேனை தொட்டு வைக்கத் தேன் கொடுக்கலாமா? – வாசகி, மதுரை

ஒரு வயது முடியும் வரை ஒரு துளியும் கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்து இருக்கலாம். குழந்தையின் குடலில் அது முளைத்து நச்சை உண்டாக்கும். வீட்டில் காய்ச்சினாலும் வித்து சாகாது. மலச்சிக்கல், பால் குடிக்கச் சோர்வு, அழுகை மெலிதல், இமை சரிதல் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்கு. தூய தேனா, மலைத்தேனா என்பது இதில் பொருட்டில்லை. ஒரு வயதுக்கு மேல் இருமலுக்கு இரவில் அரைத் தேக்கரண்டி தரலாம்.

சர்க்கரை நோயாளி தேன் சாப்பிடலாமா? – வாசகர், திருப்பூர்

ஒரு தேக்கரண்டித் தேனில் சுமார் 6 கிராம் சர்க்கரை. அன்றைய சர்க்கரைக் கணக்கில் அதையும் சேருங்கள்.

ரப்பர்த் தோட்டத்தில் எடுத்த ரப்பர்த் தேன் வாங்கினேன். ஒரே மாதத்தில் அடியில் கட்டிவிட்டது. கலப்படமா? – வாசகி, நாகர்கோவில்

இல்லை. ரப்பர்த் தேனில் குளுக்கோஸ் அதிகம், சீக்கிரம் உறையும். கலப்படம் என்று முடிவு கட்ட அது போதாது. தண்ணீரில் சொட்டுவதும் தீக்குச்சியைத் தோய்த்துக் கொளுத்துவதும்கூட எதையும் நிரூபிக்காது, கெட்டியான பாகும் அதே போலத்தான் நடந்துகொள்ளும். அரிசிப் பாகு கலந்ததை ஆய்வகத்தில்தான் பிடிக்க முடியும். உறைந்த பாட்டிலை, கை பொறுக்கும் சூட்டு நீரில் நிறுத்தினால் இளகும். அடுப்பில் நேரடியாக வைக்காதீர்கள். மூடியைத் திறந்தே வைக்காதீர்கள், தேன் காற்றின் ஈரத்தை இழுத்துப் புளித்துவிடும். நுரை பொங்கிப் புளிப்பு வாடை வருகிறதென்றால், அது புளித்த தேன்.