சிசிலியில் எந்தக் கோயிலை விடுவது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அக்டோபரில் ஐந்து நாள் சிசிலி போகிறோம். பலெர்மோவில் இறங்கி கதானியாவில் விமானம் ஏறுகிறோம். வாடகைக் கார் எடுக்க எண்ணம். செஜெஸ்தா, செலினுந்தே, அக்ரிஜெந்தோ, சிராகூசா என எல்லாக் கிரேக்கக் கோயிலும் படத்தில் ஒன்றுபோலவே தெரிகின்றன. இரண்டை விட்டுவிட்டுக் கடற்கரையில் இருந்துவிடலாமா? கணவர் கோவையில் இருபது வருடமாக ஓட்டுகிறார். அங்கே ஓட்டுவது சிரமமா?

வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

ஒன்றையும் விடாதீர்கள். காவே தி கூசா என்ற பழைய கற்குவாரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாறையிலிருந்து பிரிவது முதல் தேவாலயச் சுவருக்குள் புதைவது வரை ஒரு கல்தூணின் ஆயுள் முழுவதும் இந்த ஐந்து இடங்களில் இருக்கிறது. ஒன்றை விட்டாலும் நடுவில் ஒரு பக்கம் கிழிந்துபோகும்.

விமான நிலையத்திலிருந்து செஜெஸ்தா ஒரு மணி நேரம். 36 தூண்களும் நிற்கின்றன. கூரையும் இல்லை, கருவறையும் இல்லை. இடிந்துபோனதல்ல, கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேலை பாதியில் நின்றது. தூண்களில் மேலிருந்து கீழாக ஓடும் வரிப்பள்ளம் வெட்டவில்லை. அடிப்படிக்கட்டின் கற்களில் கைப்பிடி அளவுக் குமிழ்கள் துருத்திக்கொண்டிருக்கும். கல்லை நகர்த்தப் பிடிமானமாக விட்டவை. கடைசியில் செதுக்கி எடுத்திருக்க வேண்டும். குனிந்து தடவிப் பாருங்கள். மேலே மலையில் இருக்கும் அரங்குக்குப் பேருந்து விடுகிறார்கள்.

மறுநாள் காலை காம்போபெல்லோ தி மத்சாரா ஊருக்குத் தெற்கே காவே தி கூசா. இங்குதான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஆளை விட உயரமான உருளைகள், சுற்றிலும் வெட்டப்பட்டு, அடி மட்டும் தாய்ப்பாறையோடு ஒட்டி நிற்கின்றன. சுற்றியுள்ள அகழி சுமார் அரை மீட்டர். கல்தச்சர் உள்ளே நின்று உளியடிக்க அவ்வளவுதான் தேவை. செலினுந்தே கோயில்களுக்காக வெட்டியவை இவை. கி.மு. 409இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரப் படை செலினுந்தேயை அழித்தபோது வேலை போட்டது போட்டபடி கிடந்துவிட்டது. அங்கிருந்து அரை மணிக்குள் செலினுந்தே. கோயில்களை எழுத்துகளால்தான் அழைக்கிறார்கள். 'ஜி' கோயிலின் மூன்று மீட்டருக்கும் மேல் விட்டமுள்ள தூண்துண்டுகள் குவிந்து கிடக்கும். குவாரியைப் பார்த்த கண்ணோடு பார்த்தால்தான் அந்தக் குவியல் புரியும். பக்கத்தில் நிற்கும் 'ஈ' கோயில் 1950களில் விழுந்த கற்களை எடுத்து மறுபடி நிறுத்தியது. நீங்கள் கேட்ட கடற்கரையும் அக்ரோபொலிஸ் என்ற பழைய நகர மேட்டுக்குக் கீழேயே இருக்கிறது, மரினெல்லாவில். பிற்பகலை அங்கே கழியுங்கள்.

எஸ்.எஸ். 115 சாலையில் அக்ரிஜெந்தோ சுமார் 100 கி.மீ.; இரண்டு மணி நேரம் வையுங்கள். வண்டியை மேலே ஜுனோ கோயில் பக்கத்து நிறுத்தத்தில் விட்டால் இறக்கமாகவே நடக்கலாம். கீழ்வாசலிலிருந்து டாக்சியில் திரும்பலாம். கீழே நிறுத்தினால் வெயிலில் ஏற வேண்டும். கன்கார்டியா கோயில் இவ்வளவு முழுமையாக நிற்பதற்குக் காரணம், கி.பி. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது தேவாலயமானது. தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி, கருவறைச் சுவரில் வளைவுகளைக் குடைந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் இடைச்சுவரை எடுத்துவிட்டார்கள். வளைவுகள் மட்டும் இன்றும் இருக்கின்றன. அதே வேலையைச் சிராகூசா கதீட்ரலில் கலைக்காமல் விட்டிருக்கிறார்கள். மினெர்வா தெருப் பக்கம் போனால் அதீனா கோயிலின் தூண்கள் தேவாலயச் சுவரிலிருந்து பாதி பிதுங்கி நிற்கும். உள்ளே போனால் அவற்றின் மறுபாதி.

இனி வண்டி. ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். அசல் உரிமமும் கையில் வேண்டும். முன்பணம் பிடிக்க ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். வலப்பக்கம் ஓட்டுவது ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். கை பழகத்தான் நேரமாகும்: இண்டிகேட்டர் இடது கையில், அதனால் திரும்பும்போதெல்லாம் வைப்பர் ஓடும். தவறு நடப்பது நெரிசலில் அல்ல, காலியான சாலையில். பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியே வரும்போது கை தானாக இடப்பக்கம் போகும். பக்கத்தில் இருக்கும் நீங்கள் ஒவ்வொரு முறையும் 'வலது' என்று சொல்லுங்கள்.

பணம் போவது இசட்.டி.எல். என்ற, வெளி வண்டிகளுக்குத் தடையுள்ள பகுதிகளில். பழைய ஊர்களின் வாயிலில் வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் இருக்கும். 'வார்கோ அத்திவோ' என்று எரிந்தால் கேமரா வேலை செய்கிறது, உள்ளே போகக்கூடாது. கூகுள் மேப் காட்டினாலும் நம்பாதீர்கள். ஒவ்வொரு நுழைவுக்கும் தனி அபராதம். வாடகை நிறுவனம் உங்கள் விலாசத்தைக் கொடுப்பதற்கே தனிக் கட்டணம் பிடிக்கும். நோட்டீஸ் பல மாதம் கழித்து வீட்டுக்கு வரும். ஆகவே சிராகூசாவின் பழைய ஊரான, கதீட்ரல் இருக்கும் ஓர்திஜா தீவுக்குள் ஓட்டாதீர்கள். பாலத்துக்கு இந்தப் பக்கமே மோலோ சாந்தந்தோனியோவில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். பிற இடங்களில் நீலக் கோடு கட்டணம், வெள்ளை இலவசம், மஞ்சள் உங்களுக்கில்லை.

பெட்ரோலுக்குப் 'பென்சினா', டீசலுக்கு 'கசோலியோ'. சாவி வாங்கும்போதே எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வழியில் சுங்கச்சாவடி கிடையாது. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதன் பிறகு ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். உங்கள் தேதி அதற்குப் பின் என்றால், அக்ரிஜெந்தோவை மூன்று மணிக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.