சொரிசோ கசக்கிறது, செலவும் இழுக்கிறது என்று கேட்டவருக்கு

சொரிசோ என்பது மிளகாய்ப்பொடி கலந்த, கொழுப்பு மிகுந்த பன்றியிறைச்சி சாசேஜ். எண்ணெயே ஊற்றாதீர்கள். குளிர்ந்த வாணலியில் சொரிசோத் துண்டுகளைப் போட்ட பிறகு அடுப்பைப் பற்றவைத்து, சிறு தீயில் வையுங்கள். கொழுப்பு தானாக உருகி இறங்கும்.

கசப்புக்குக் காரணம் பெரும்பாலும் அதிலுள்ள பிமென்டோன், அதாவது ஸ்பானிய மிளகாய்ப்பொடி. சூடான எண்ணெயில் சட்டென்று கருகிவிடும். உருகிய கொழுப்பின் நிறத்தைப் பாருங்கள்: ஆரஞ்சுச் சிவப்பு என்றால் சரி, பழுப்பு என்றால் தீ அதிகம்.

நான்கு பேருக்கு ஒரு முழுச் சொரிசோ வளையம் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். 100 கிராம் தாராளம். ருசி முழுக்க அந்தச் சிவப்புக் கொழுப்பில்தான் இருக்கிறது. அதில் வெங்காயம், பூண்டு வதக்கி உருளைக்கிழங்கு சேர்த்து வேகவிடுங்கள். ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் இப்படித்தான் செய்வார்கள். கிழங்கைக் கத்தியால் பாதி வெட்டி மீதியைப் பிய்த்தெடுத்தால் மாவுச்சத்து கரைந்து குழம்பு கெட்டிப்படும். அருமையான சாப்பாடு, செலவும் குறைவு. சீவி அடைத்த பாக்கெட்டைத் தவிர்த்து, சமைப்பதற்கென்று விற்கும் முழுத் துண்டை வாங்குங்கள். சீவல் குழம்பில் ரப்பர் போலாகிவிடும்.

உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். லேபிளையும் படியுங்கள்: பதப்படுத்தி உலர்த்தியதை அப்படியே சாப்பிடலாம். பச்சைச் சொரிசோ, மெக்சிகோ வகை பெரும்பாலும் அதுதான், பச்சைப் பன்றியிறைச்சி. உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வரும்வரை வேக வேண்டும்.