வார்டு வேண்டாம், ஃபிட்ஸ் மட்டும் வேண்டுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே தொடரைப் பற்றித்தான். ‘ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்டு’, ஷீல்டு என்ற ரகசிய உளவு அமைப்பின் குழு ஒன்றைப் பற்றிய மார்வெல் கதை, 2013இல் தொடங்கி, ஏழு சீசன், 136 பகுதிகள் ஓடி, 2020இல் முடிந்துபோன தொடர். போன இதழில் போகிறபோக்கில் நாலு வரி எழுதினேன், அதற்கு இவ்வளவா! கதையைப் போட்டு உடைக்கப் போகிறேன், பார்க்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

அக்கா, வார்டு ஸ்கையை உண்மையாகவே காதலித்தானா, இல்லை அதுவும் நடிப்புதானா?
– வாசகி, தெம்பனிஸ்

ஷீல்டுக்குள் புகுந்த எதிரி அமைப்பான ஹைட்ராவின் ஒற்றன் என்றாலும், குழுத் தோழி ஸ்கையைக் காதலித்தான் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஸ்கைக்காக உருகிக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் குழுவின் விஞ்ஞானிகளான ஃபிட்ஸும் சிம்மன்ஸும் ஒளிந்திருந்த மருத்துவப் பெட்டியை விமானத்திலிருந்து கழற்றிக் கடலில் விட்டான். தனக்குப் பிடித்த ஒருத்தியிடம் மட்டும் நல்லவனாக இருப்பவனுக்கு எந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள்? ஸ்கையும் ஏமாறவில்லை, இரண்டாம் சீசனில் அவன் மேல் நாலு குண்டு பாய்ச்சினாள். எம்ஆர்டி ரயிலில் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்த நான் “அப்படிப் போடு!” என்று கத்தியதில் எதிரே இருந்த பாட்டி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வார்டைத் திட்டும் நீங்கள் எல்லாரும் ஃபிட்ஸை மட்டும் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறீர்கள். நாலாம் சீசனில் அவன் செய்யாத கொலையா? இது ஓரவஞ்சனை இல்லையா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

நல்ல அடி! ஐடா என்ற பெண் ரோபோ ஆட்டிவைத்த ஃப்ரேம்வொர்க் என்ற மெய்நிகர் உலகத்தில் ஒவ்வொருவரின் பெரிய வருத்தமும் திருத்தப்படுகிறது. ஃபிட்ஸுக்கு, விட்டுவிட்டுப் போன அப்பா கூடவே இருந்து வளர்க்கிறார், அந்த வளர்ப்பில் ஈவிரக்கமில்லாத ‘டாக்டர்’ ஆகிறான். அதே உலகத்தில் வார்டைச் சின்ன வயதில் கண்டெடுத்தது ஜான் கேரட் என்ற ஹைட்ராக்காரன் இல்லை, ஷீல்டு அதிகாரி விக்டோரியா ஹேண்ட், அதனால் அவன் ஹைட்ராவுக்குள் இருந்துகொண்டே எதிர்ப்பாளர்களுக்கு உதவுகிறான். யார் கையில் வளர்ந்தார்கள் என்பதை மட்டும் மாற்றி, இருவரையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டார்கள். ஏழு சீசனிலும் எழுத்தாளர்கள் செய்த ஆகச் சிறந்த வேலை இதுதான் என்பேன்.

வெளியே வந்ததும் ஃபிட்ஸ் குற்ற உணர்ச்சியில் நொறுங்கிப் போகிறான், வார்டோ கடைசிவரை எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தான். என் கட்சி இதுதான் என்று இங்கேயே நிறுத்தியிருப்பேன். ஆனால் ஐந்தாம் சீசன் இருக்கிறதே! டெய்சியைக் (நம் ஸ்கைதான்) கட்டிப்போட்டு, அவள் வேண்டாம் வேண்டாம் என்று கதறக் கதற, அவள் சக்தியை அடக்கக் கழுத்தில் பதித்திருந்த கருவியை அறுத்து எடுக்கிறான், அதுவும் நிஜ உலகத்தில், எந்த ஐடாவும் இல்லாமல். டெய்சி அதை மன்னிக்காதது நியாயம். அப்புறம் என்ன ஆனது? அந்த ஃபிட்ஸ் சீசன் முடிவில் இறந்துபோகிறான், காலப் பயணக் குழப்பத்தால் விண்வெளியில் உறைநிலையில் இருக்கும் இன்னொரு ஃபிட்ஸைத் தேடிக் கிளம்புகிறார்கள், அவன் இதைச் செய்யவே இல்லை. கணக்கைத் தீர்க்காமல் பக்கத்தையே கிழித்துவிட்டார்கள். ஆக, உங்கள் கோபத்தில் பாதியை ஃபிட்ஸ் மேல் காட்டுங்கள், மீதியை எழுத்தாளர்கள் மேல்.

ஃபிட்ஸும் சிம்மன்ஸும் சேர ஏன் இவ்வளவு காலம்? நடுவில் சிம்மன்ஸ் வில் என்பவனை விரும்பியது துரோகம்தானே?
– வாசகி, பொங்கோல்

முதல் சீசன் முடிவில் கடலடியில் காதலைச் சொன்னான், கல்யாணம் 2018இல் வந்த 100ஆவது பகுதியில். நம் ஊர் ஜோடியாக இருந்திருந்தால் இதற்குள் பதிவு செய்த பிடிஓ அரசு அடுக்குமாடி வீட்டுக்கே சாவி வந்திருக்கும். துரோகம் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சூரியன் உதிப்பதே அபூர்வமான ஒரு கிரகத்தில் சிக்கி, திரும்பி வர வழியே இல்லை என்று முடிவான பிறகு, அங்கே இருந்த ஒரே மனிதனான வில் மேல் சிம்மன்ஸுக்கு அன்பு வந்தது. அதைக் கேட்ட ஃபிட்ஸ் என்ன செய்தான்? வில்லையும் மீட்டு வரலாம் என்று கணினி முன்னால் போய் உட்கார்ந்தான். ஃபிட்ஸே கோபப்படவில்லை, உங்களுக்கு என்ன?

கோல்சன், மே?
– வாசகர், ஜூரோங்

குழுத் தலைவர் கோல்சனும் சண்டையில் புலியான மேயும் வசனமே தேவைப்படாத ஜோடி. ஐந்தாம் சீசன் முடிவில் தஹிதி கடற்கரையில் இருவரும் நிற்பார்களே, அதற்கு மேல் நான் எழுதினால் கெட்டுப்போகும்.

மகன் என்எஸ்ஸில் (தேசிய சேவையில்) இருக்கிறான், வாரக் கடைசியில் வீட்டுக்கு வரும்போது சேர்ந்து பார்க்க ஆசை. நேராக நாலாம் சீசனிலிருந்து தொடங்கலாமா?
– வாசகி, ஈசூன்

கூடவே கூடாது. முதல் சீசன் ஆரம்பத்தில் ஜவ்வாக இழுக்கும், 17ஆம் பகுதிவரை பொறுத்துக்கொள்ளுங்கள். வார்டை உங்கள் மகன் முதலில் நம்பினால்தான் ருசியே. அதுவரை இந்த இதழ் அவன் கண்ணில் படாமல் அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கட்டும்.