மாசக் கணக்கும் வாரக் கணக்கும்: தாய்–சேய் பகுதி, வாசகர் கேள்விகள்

என் கணவர் துபாயிலிருந்து ஊருக்கு வந்து நாலரை வாரம்தான் ஆகிறது. நாள் தள்ளிப்போனதால் ஸ்கேன் எடுத்தோம். 'ஆறு வாரம்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். புகுந்த வீட்டில் ஒரு மாதிரி பேசுகிறார்கள். ரிப்போர்ட் தப்பா?
— வாசகி, தொண்டி

ரிப்போர்ட்டும் சரி, நீங்கள் சொல்வதும் சரி. இந்தப் பதிலை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கரு உண்டான நாளை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. விலக்கான தேதி நினைவில் இருக்கும். அதனால் உலகம் முழுக்க மருத்துவர்கள் கர்ப்பத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்தே எண்ணுகிறார்கள். 28 நாளுக்கு ஒருமுறை விலக்காகிற பெண்ணுக்கு ஏறக்குறைய 14ஆம் நாள்தான் முட்டை வெளிவரும். ஆக, கணக்கில் முதல் இரண்டு வாரம் வயிற்றில் கருவே கிடையாது. ஆறு வாரத்தில் இரண்டைக் கழித்தால் நாலு. உங்கள் கணவர் வந்த பிறகுதான் கரு உண்டாகியிருக்கிறது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

அந்த நாலு வாரத்தில் என்ன நடந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். இரண்டும் சேர்வது கருக்குழாயில். அங்கிருந்து ஒன்று இரண்டாக, இரண்டு நாலாகப் பிரிந்தபடியே நகர்ந்து, ஆறேழு நாளில் கருப்பையின் உட்சுவரில் ஒட்டிப் பதியும். பதிந்த பிறகு சுரக்கும் ஹார்மோனைத்தான் சிறுநீர்ச் சோதனை காட்டுகிறது. மூன்று வாரம் முடிந்ததும் இதயம் துடிக்கத் தொடங்கும். 28ஆம் நாளுக்குள் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக் குழாய் மூடிவிட வேண்டும். மூடாமல் போனால் முதுகில் பிளவோடு குழந்தை பிறக்கலாம்.

அந்த 28ஆம் நாள், ரிப்போர்ட் கணக்கில் ஆறாவது வாரம். பல பெண்கள் முழுகாமல் இருப்பதைத் தெரிந்துகொள்வதே அப்போதுதான். ஃபோலிக் அமில மாத்திரையை (தினம் 400 மைக்ரோகிராம்) குழந்தைக்குத் திட்டமிடும்போதே, ஒரு மாதம் முன்னதாகத் தொடங்கச் சொல்வது இதனால்தான். நீங்கள் இதுவரை போடவில்லையென்றால் இன்றே ஆரம்பியுங்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், முதல் குழந்தைக்கு முதுகுப் பிளவு இருந்தவர்களுக்கும் இந்த அளவு போதாது. அவர்கள் மருத்துவரைக் கேட்டு அதிக அளவு எடுக்க வேண்டும். 12 வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்துவிடுங்கள்.

பிரசவத் தேதியை நீங்களே போட்டுப் பார்க்கலாம். விலக்கான முதல் நாளோடு ஏழு நாளும் ஒன்பது மாதமும் கூட்டுங்கள். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. மொத்தம் 280 நாள். விலக்கு ஒழுங்காக வராதவர்களுக்கு இது பொருந்தாது. முதல் மூன்று மாத ஸ்கேன் தேதியே அவர்களுக்குக் கணக்கு.

எங்கள் குடும்பமே உப்பளத்தில் வேலை செய்கிறது. வீட்டில் எப்போதும் களத்துக் கல்லுப்புதான். மருமகள் மாசமாக இருக்கிறாள், பாக்கெட் உப்புதான் போடணும் என்கிறார் நர்ஸம்மா. கடல் உப்பில் இல்லாத சத்தா அதில்?
— வாசகி, வாலிநோக்கம்

நர்ஸம்மா சொன்னதைக் கேளுங்கள் அம்மா. கடல்நீரில் அயோடின் உண்டு. ஆனால் பாத்தியில் காய்ந்து உப்பாகும்போது அது ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. பாக்கெட் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்கும்படி சேர்த்திருப்பார்கள்.

சிசுவின் மூளை வளர தைராய்டு ஹார்மோன் வேண்டும். சிசுவின் சொந்தத் தைராய்டு 12 வார வாக்கில்தான் வேலையைத் தொடங்கும். அதுவரை முழுக்கத் தாயிடமிருந்து வந்தாக வேண்டும். அயோடின் மிகவும் குறைந்தால் பிள்ளையின் அறிவு வளர்ச்சி பாதிக்கும், பிறகு திருத்த வழியில்லை. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் தேவை. உப்போடு மீன், முட்டை, பால் எல்லாம் சேர்ந்து இதைத் தரும்.

அயோடின் உப்பை மூடி போட்ட டப்பாவில், அடுப்புச் சூடும் வெயிலும் படாமல் வையுங்கள். குழம்பு இறக்கும் நேரத்தில் போடுங்கள். அயோடின் வேண்டும் என்று உப்பை அள்ளிப் போட்டுவிடாதீர்கள், ஒரு நாளைக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் போதும். ரத்த அழுத்தம் இருக்கிற கர்ப்பிணிக்குக் கருவாடும் ஊறுகாயும் ஆகாது.

சுறாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு கொடுப்பது நம் கரையின் வழக்கம். பெரிய சுறாவின் சதையில் பாதரசம் சேர்ந்திருக்கும், அது சிசுவின் நரம்பு மண்டலத்துக்குக் கெடுதல். சூலிருக்கும்போதும் பாலூட்டும்போதும் அதை விட்டு, சாளை, நெத்திலி போன்ற சின்ன மீனாகச் சமைத்துக் கொடுங்கள். பாதரசம் குறைவு, மூளைக்கு வேண்டிய கொழுப்பும் கிடைக்கும்.

ஏழு மாதக் கர்ப்பத்தில் கிரகணம் வருகிறது. வெளியே வந்தால் குழந்தைக்கு உதடு பிளக்குமா?
— வாசகி, தேவிபட்டினம்

பிளக்காது. மேலுதடு ஒட்டி முடிவது ஏழாவது வார வாக்கில். அண்ணம் மூடுவதும் முதல் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும். ஏழாம் மாதத்தில் ஒட்டிய உதடு மறுபடி பிளக்க வழியே இல்லை. முதல் மாதங்களில் புகையிலையும் சில மருந்துகளும்தான் இந்தப் பிளவுக்கான வாய்ப்பைக் கூட்டும். பரம்பரையும் ஒரு காரணம். கிரகணத்துக்காகப் பட்டினி கிடக்காதீர்கள், தண்ணீர் குடிக்காமலும் இருக்காதீர்கள்.

ஏழாம் மாசத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாசத்தில் பிறந்தால் தங்காது என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், பாம்பன்

உண்மை நேர் எதிர். வயிற்றில் தங்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம். 28 வாரத்தில் எடை சுமார் ஒரு கிலோ, 32 வாரத்தில் ஒன்றே முக்கால், 36 வாரத்தில் இரண்டரையை ஒட்டி இருக்கும்.

எடையை விட நுரையீரல்தான் முக்கியம். அதன் நுண்ணறைகள் மூச்சு விட்டதும் ஈரக் காகிதம் போல ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, உள்ளே ஒரு வழவழப்புப் பூச்சு வேண்டும். 24 வார வாக்கில் அது சுரக்கத் தொடங்கும். போதிய அளவு சேர்வது 34, 35 வாரத்தில். உறிஞ்சி, விழுங்கி, இடையில் மூச்சு விடும் ஒழுங்கும் 34 வாரத்தை ஒட்டித்தான் கைகூடும். அதற்கு முன் பிறந்த பிள்ளை அடிக்கடி மார்பில் பால் குடிக்கத் திணறுவது இதனால்தான். தோலுக்கடியில் கொழுப்பு சேராததால் உடம்பும் சீக்கிரம் குளிர்ந்துபோகும்.

இந்தச் சொல்லால் வரும் கேடு என்னவென்றால், எட்டாம் மாதத்தில் வலி கண்டால் 'விதி' என்று சிலர் கைவிட்டுவிடுகிறார்கள். 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் போலத் தெரிந்தால், தாய்க்கு ஆறு மில்லிகிராம் டெக்ஸாமெதாசோன் ஊசியை 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு முறை போடுவார்கள். பிள்ளையின் நுரையீரல் முதிர அது உதவும். முழுப் பலன் கிடைக்க ஒரு நாளாவது ஆகும். ஆகவே நேரமே மருந்து. பனிக்குடம் உடைந்தால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், வெள்ளைத் துணி வைத்து நீரின் நிறத்தைப் பாருங்கள். பச்சையாகவோ ரத்தமாகவோ இருந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். நிறமில்லாமல் இருந்தாலும் 108-ஐ அழைத்துக் கிளம்பத்தான் வேண்டும். தீவில் இருப்பவர்கள் பச்சிளம் குழந்தைப் பிரிவு எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று ஏழாம் மாதத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து பாலம் தாண்டி ராமநாதபுரம் போய்ச் சேர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது.

மனைவிக்கு ஒன்பதாம் மாதம். நேற்றிலிருந்து குழந்தை அசைவது குறைந்த மாதிரி இருக்கிறது என்கிறாள். இடம் இல்லாததால் அசையாது என்கிறார் பாட்டி. நான் கடலுக்குப் போகலாமா?
— வாசகர், மூக்கையூர்

இந்தக் கடிதம் கிடைத்ததுமே உங்களோடு தொலைபேசியில் பேசி, மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காகப் பதில் இது. இடம் குறையக் குறைய அசைவின் விதம் மாறலாம். முன்பு உதைத்த பிள்ளை இப்போது உருளும், நெளியும். ஆனால் அசைவின் எண்ணிக்கை குறையக் கூடாது. நஞ்சுக்கொடி சரியாக ரத்தம் தராதபோது பிள்ளை தன் சக்தியை மிச்சம்பிடிக்க அசைவைக் குறைக்கும்.

சாப்பிட்ட பிறகு இடப்பக்கம் சாய்ந்து படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவாவது வர வேண்டும். வரவில்லையென்றாலும், வழக்கத்தை விடக் குறைவு என்று தாய்க்கே தோன்றினாலும், அன்றைக்கே போய்ப் பிள்ளையின் இதயத்துடிப்பைப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருப்பது சரியான அளவு. குளிர்ந்த நீர் குடித்துவிட்டு விடியும் வரை பொறுப்போம் என்று இருக்காதீர்கள். ராத்திரியில் வந்தாலும் பிரசவ வார்டில் பார்ப்பார்கள்.