கைக்கடிகாரத்துக்கு முன் உடம்பைக் கேளுங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. தியானம் செய்யலாம் என்று கண்ணை மூடி உட்கார்ந்தால், ஐந்தே நிமிடத்தில் வீட்டுக் கடன், ஆபீஸ் வேலை எல்லாம் வந்துவிடுகின்றன. எரிச்சலோடு எழுந்துவிடுகிறேன். தினமும் 40 நிமிடம் பாட்டுக் கேட்டபடி நடக்கிறேன். இந்த நடையையே தியானமாக மாற்றிக்கொள்ள முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். தேரவாத பௌத்த மடங்கள் பலவற்றில் இதற்கென்றே நடைபாதை உண்டு. பிக்குகள் அதில் முன்னும் பின்னுமாக நடந்தே தியானம் பழகுகிறார்கள். உட்கார்ந்தால் மனம் ஓடுவது உங்கள் குறையல்ல. மூச்சு மெல்லியது, கவனத்தில் நிறுத்துவது கடினம். நடக்கும்போது பாதம், கெண்டைக்கால், இடுப்பு, வியர்வை என்று கவனிக்க நிறைய இருக்கிறது.

முதல் 10 நிமிடம் இயர்போனைக் கழற்றிவிடுங்கள். குதிகால் தரையில் படுவது, எடை முன்னே நகர்வது, கட்டைவிரல் தரையை உந்துவது, இவற்றை மட்டும் கவனியுங்கள். நடுவில் கடன் ஞாபகம் வரும், வரட்டும். 'அடடா, எங்கோ போய்விட்டேனே' என்று உணர்ந்து பாதத்துக்குத் திரும்புகிறீர்களே, அதுதான் பயிற்சி. நூறு முறை திரும்பினாலும் நல்லதுதான். வண்டி ஓடும் சாலையில் மட்டும் இது வேண்டாம். பூங்காவோ மொட்டைமாடியோ போதும்.

அப்புறம், நான் மிகவும் நம்பும் ஒரு பயிற்சி. குன்னார் போர்க் என்ற ஸ்வீடன் உளவியலாளர், உழைப்பை நாமே உணர்ந்து சொல்ல 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். சும்மா இருப்பது 6. இதற்கு மேல் முடியவே முடியாது என்றால் 20. சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால், ஆரோக்கியமான நடுவயதினருக்கு இதயத்துடிப்பு ஏறக்குறைய அந்த அளவில் இருக்கும். விறுவிறு நடை 12, 13 என்று வரலாம்.

நடந்துகொண்டிருக்கும்போது முதலில் எண்ணை மனதுக்குள் சொல்லுங்கள். பிறகு நின்று, மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். தொடக்கத்தில் இரண்டும் ஒத்துப்போகாது. நம் உடம்பை எவ்வளவு குறைவாகக் கேட்டிருக்கிறோம் என்பது அப்போது தெரியும்! ஸ்மார்ட் வாட்ச் வைத்திருப்பவர்களும் ஊகித்த பிறகே பார்க்க வேண்டும். கருவியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் உள்ளே கவனிக்கும் பழக்கம் வராது. இந்தப் பழக்கம் வந்தவர்களுக்கு, கோபத்தில் தோள் இறுகுவதும் துடிப்பு ஏறுவதும் வார்த்தை வெளிவருவதற்கு முன்பே பிடிபடத் தொடங்கும்.

ரத்த அழுத்தத்துக்கும் இதயக் கோளாறுக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு குறைவாகவே ஏறும் என்பதால் இந்தக் கணக்கு பொருந்தாது. இதயம் படபடத்தாலே பயம் பற்றிக்கொள்ளும் இயல்பு இருந்தால் துடிப்பை எண்ண வேண்டாம், பாதத்தோடு நில்லுங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் அது கவனித்துக்கொண்டிருக்கும் விஷயமல்ல. உடனே நடையை நிறுத்தி மருத்துவ உதவி பெறுங்கள்.

பாட்டை விட்டுவிட வேண்டுமா என்று யோசிப்பீர்கள். வேண்டாம். முதல் 10 நிமிடம் முடிந்ததும் இயர்போனை மாட்டிக்கொள்ளுங்கள்.